பாக்கு நீரிணையின் இரு கரைகள்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

அண்டை நாடுகள் இரண்டின் நில அமைப்பு, ஆட்சி முறை, பொருளியல் ஆகியவற்றை ஒப்பிட்டு உரையாற்றுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். இது பள்ளிப் பாடநூலுக்குரிய பொருள் அன்றோ, வாழப்பாடியில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென நடைபெறும் ஒரு கல்விச் சங்கத்தின் விழாவில் இதனால் ஆவதென்ன என்று சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. இந்தியாவையும் இலங்கையையும் நாம் தேர்ந்துகொண்டமைக்குரிய காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இரு நாடுகளை ஒப்பிடுவது எளிதன்று. மக்கள் வேறு, மொழி வேறு, வரலாறு வேறு என்றிருக்கும்போது, ஒரு நாடு உயர்ந்ததும் மற்றொன்று தாழ்ந்ததும் எதனால் என்று அறுதியிட இயலாது. ஆனால் ஒரே நாற்றங்காலில் பறித்த நாற்றை இரண்டு வயல்களில் நட்டால், விளைச்சலின் வேறுபாடு மண்ணாலா, நீராலா, உழவன் கையாலா என்று கண்டுகொள்ளலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் நடந்தது அதுவே. சேலம், திருச்சி, மதுரை, தஞ்சை மாவட்டங்களின் சேரிகளிலிருந்து ஒரு பகுதியினர் கடல் கடந்து இலங்கையின் மலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். மற்றொரு பகுதியினர் இங்கேயே தங்கினர். ஒரே குடும்பத்தின் அண்ணன் அங்கும் தம்பி இங்குமாக இரண்டு அரசுகளின்கீழ் வாழ்ந்தனர். அவ்விரு அரசுகளும் அவர்களுக்கு எவற்றைக் கொடுத்தன, எவற்றைக் கொடுக்கவில்லை என்பதைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

நில அமைப்பு

இந்தியாவின் பரப்பு ஏறத்தாழ 32 இலட்சத்து 87 ஆயிரம் சதுர கிலோமீட்டர். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு 1,30,058 சதுர கிலோமீட்டராதலின், இலங்கைத் தீவு முழுவதும் நம் மாநிலத்தின் பாதியளவே ஆகும். மக்கள்தொகையோ 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2 கோடியே 17 இலட்சம். தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டிலேயே 7 கோடியே 21 இலட்சம் மக்கள் இருந்தனர். ஆகவே இலங்கையைத் தமிழ்நாட்டுடன் ஒப்பிடுவதே பொருத்தமாக அமையும். இந்தியா முழுவதையும் அருகில் வைத்தால் மலைக்கு அருகில் நெல்மணியை வைத்தது போலாகும்.

இரு நாடுகளையும் பிரிப்பது பாக்கு நீரிணை. வாழப்பாடியில் 'பாக்கு' என்றால் நமக்குக் கமுகந்தோப்பும் பாக்கு வேகவைக்கும் அடுப்புகளுமே நினைவுக்கு வரும். ஆனால் இந்தப் பாக்குக்கும் அந்தப் பாக்குக்கும் தொடர்பில்லை. 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த இராபர்ட் பாக் என்னும் ஆங்கிலேயரின் பெயரே அந்தக் கடலுக்கு வைக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையேயுள்ள தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். வாழப்பாடியிலிருந்து சேலம் சென்று வரும் தொலைவினும் அது குறைவு. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னர் இரயிலும் கப்பலும் இணைந்த 'போட் மெயில்' பயணம் நடைபெற்றது. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் சென்றது. 1980களில் இலங்கையில் போர் மூண்டபோது அதுவும் நின்றது.

மழையின் போக்கில் இரு நிலங்களும் உடன்பிறந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்து, கேரளத்துக்கு மிகுதியாகவும் நமக்குக் குறைவாகவும் மழை தருவது போல, இலங்கையின் நடுமலைத் தொகுதி தென்மேற்குப் பகுதிக்கு மிகுந்த மழையும் வடக்குக்கும் கிழக்குக்கும் குறைந்த மழையும் தருகிறது. மழை மிகுந்த பகுதிகளில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பொழியும். நம் சேலம் வட்டாரத்தில் ஏறத்தாழ 900 முதல் 1,000 மில்லிமீட்டரே கிடைக்கும். அங்குள்ள வறண்ட பகுதி மக்கள், நாம் ஏரி வெட்டியது போலவே குளங்கள் வெட்டி நெல் விளைவித்தனர். இலங்கையின் உயர்ந்த சிகரமான பிதுருதலாகல 2,524 மீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அங்குள்ள மிக நீண்ட ஆறான மகாவலி 335 கிலோமீட்டர் ஓடித் திருகோணமலை அருகே கடலில் கலக்கிறது. நம் காவிரி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடுகிறது.

இவ்வாறு மண்ணாலும் மழையாலும் அவை பெரிதும் வேறுபட்ட நாடுகள் அல்ல. சேர்வராயன் மலையில் 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைப் பயிரிடச் செய்தார். அதே காலப்பகுதியில் இலங்கையின் கண்டி மலைகளிலும் காப்பித் தோட்டங்கள் தோன்றின. மலை வேறாயினும் பயிர் ஒன்று. காடு வெட்டிய கைகளும் ஒன்று.

மலையேறிச் சென்ற மக்கள்

நம் மக்கள் ஏன் சென்றனர்? சட்டப்படி 1843இல் இந்தியாவில் அடிமை முறைக்கு இருந்த ஏற்பு நீக்கப்பட்டது. எனினும் கடனுக்குக் கட்டுண்ட பண்ணையாள் முறை நீங்கவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் மிகக் கொடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1871ஆம் ஆண்டுக் கணக்குக்கும் 1881ஆம் ஆண்டுக் கணக்குக்கும் இடையே சேலம் மாவட்ட மக்கள்தொகை கூடுவதற்குப் பதிலாகப் பெரிதும் குறைந்துபோயிற்று. கூழுக்கும் வழியற்ற நிலையில், கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து அழைத்தபோது மக்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டனர். தொடக்கக் காலத்தில் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தனர். காலராவும் காய்ச்சலும் பலரை வழியிலேயே கொண்டுபோயின.

1869இல் இலைநோய் தோன்றிக் காப்பி அழியத் தொடங்கியது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பார் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காப்பிக்குப் பறிப்புக் காலத்தில் மட்டும் ஆட்கள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் வேண்டும். ஆகவே வந்து திரும்பியவர்கள் அங்கேயே நிலைகொண்டனர். 'லயன்' எனப்படும் வரிசைக் குடியிருப்பில் ஓர் அறையில் ஒரு குடும்பம். ஒரு தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவரை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அக்கடன் சீட்டு கைமாறும்போது மனிதரும் கைமாறினர். 1921ஆம் ஆண்டிலேயே அம்முறை ஒழிக்கப்பட்டது. அம்மலையகத் தமிழரில் பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆட்சி முறை

இந்தியா 28 மாநிலங்களையும் 8 ஒன்றிய ஆட்சிப் பகுதிகளையும் கொண்ட கூட்டாட்சி அமைப்பு. நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள் உண்டு. மக்களவையின் 543 இடங்களில் 84 பட்டியல் சாதியினர்க்கும் 47 பழங்குடியினர்க்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. பிரதமரே ஆட்சித் தலைவர். இலங்கை 9 மாகாணங்களையும் 25 மாவட்டங்களையும் கொண்ட ஒற்றையாட்சி நாடு. 225 உறுப்பினர் கொண்ட ஒரே அவை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் குடியரசுத் தலைவரே நிறைவேற்று அதிகாரம் உடையவர். 1987ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை உடன்படிக்கையையொட்டி மாகாண சபைகள் அமைக்கப்பட்டன. எனினும் 2014க்குப் பின்னர்ப் பல்லாண்டுகள் அவற்றுக்குத் தேர்தல் நடத்தப்படவில்லை.

வாக்குரிமையில் இலங்கை நம்மை முந்திக்கொண்டது. டொனமூர் அரசியலமைப்பின்படி 1931ஆம் ஆண்டிலேயே 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலர்க்கும் அங்கு வாக்குரிமை கிடைத்தது. அன்றைய இந்தியாவில் சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவர்க்கே வாக்கு. நம் சேரிகளில் வாக்குச் சீட்டைக் கண்டவர் மிகச் சிலர். நம் மக்கள் அனைவரும் முதன்முதலாக வாக்களித்தது 1951-52ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில்தான். இருபது ஆண்டு பிந்தியே நாம் அவ்விடத்தை அடைந்தோம்.

ஆனால் தொடர்ந்து நடந்தது யாது? 1947ஆம் ஆண்டு இலங்கைத் தேர்தலில் மலையக மக்கள் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் 7 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர். 1948 பிப்ரவரி 4ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே குடியுரிமைச் சட்டம் வந்தது. முன்னோர் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது அச்சட்டம். பிறப்புப் பதிவே இல்லாத லயன் அறைகளில் பிறந்தவர்கள் எங்கிருந்து சான்று கொணர்வர்? ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. சிறுபான்மையினர்க்குப் பாதுகாப்பளிப்பதாக அன்றைய அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இருந்தது. அப்பிரிவைக் காட்டி வழக்குத் தொடுத்தும் பயனில்லாமல் போயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் பிரதிநிதி ஒருவரும் நாடாளுமன்றத்துக்குச் செல்லவில்லை.

1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. அம்மக்களின் விருப்பத்தைக் கேளாமலேயே இரண்டு தலைநகரங்களில் இக்கணக்கு எழுதப்பட்டது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை அளிக்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் நிறைவேறின. 1948இல் இழந்ததை முழுமையாகப் பெற 55 ஆண்டுகள் ஆயின.

இக்கரையில் 1950 சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, டாக்டர் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவின் உழைப்பால் உருவானது. தீண்டாமையை அதன் 17ஆம் பிரிவு ஒழித்தது. சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணை நீதிமன்றத்தில் செல்லாததாகியபோது, 1951இல் முதல் திருத்தம் கொண்டுவரப்பட்டுக் கல்வி இடஒதுக்கீட்டுக்கு 15(4)ஆம் பிரிவு அமைந்தது. இன்று நம் மாநிலத்தில் பட்டியல் சாதியினர்க்கு 18 விழுக்காடு. அதனுள் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அருந்ததியர்க்கு 3 விழுக்காடு. 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறைக்குப் பின்னர், நம்மைச் சுற்றியுள்ள ஆத்தூரும் கெங்கவல்லியும் இராசிபுரமும் பட்டியல் சாதியினர்க்குரிய சட்டமன்றத் தொகுதிகள், ஏற்காடு பழங்குடியினர்க்குரியது.

இலங்கையிலும் சாதி உண்டு. யாழ்ப்பாணத்தில் கோயிலும் கிணறும் தேநீர்க் கடையும் நம் போன்ற மக்களுக்கு அடைக்கப்பட்டிருந்தன. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் அங்கு நிறைவேறியது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் நுழைவுக்காகப் போராட்டம் நடந்தது. 1970இல் எம்.சி. சுப்பிரமணியம் நாடாளுமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். சாதியால் பாகுபாடு காட்டலாகாது என்று 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பும் கூறுகிறது. ஆயினும் சாதி அடிப்படையிலான இடஒதுக்கீடு அங்கில்லை. கணக்கெடுப்பில் சாதி கேட்கப்படுவதுமில்லை. எண்ணப்படாதவரின் குறையை எவ்வாறு எடுத்துக் காட்டுவது? அங்குள்ள தாழ்த்தப்பட்டோர் இவ்விடர்ப்பாட்டில் இன்றளவும் உள்ளனர்.

பொருளியல்

உலக வங்கியின் 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஆள் ஒன்றுக்கு ஆண்டு உற்பத்தி மதிப்பு இலங்கையில் ஏறத்தாழ 3,800 டாலர், இந்தியாவில் ஏறத்தாழ 2,500 டாலர். ஆயுட்காலத்திலும் குழந்தை நலத்திலும் இலங்கை நம்மினும் மேலான நிலையில் உள்ளது. அதற்கு அடிப்படை, அந்நாடு மருத்துவத்திலும் கல்வியிலும் முன்கூட்டியே செய்த செலவாகும்.

எனினும் ஒரு சிறு தீவின் பொருளியல் சில தூண்கள்மீதே நிற்கும். தேயிலை, ஆயத்த ஆடை, சுற்றுலா, வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம் ஆகியவையே இலங்கைக்கு அந்நியச் செலாவணி தருவன. 1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போர் உயிர்களையும் செல்வத்தையும் விழுங்கியது. பின்னர்க் கடன் பெருகியது. பெருந்தொற்றால் சுற்றுலா நின்றது. 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்ததால் விளைச்சல் வீழ்ந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அரசு அறிவித்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. 2023 மார்ச்சில் பன்னாட்டு நிதியம் ஏறத்தாழ 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் வழங்கியது.

இதைக் கேட்டு நாம் இறுமாப்படைய வேண்டியதில்லை. 1991இல் இந்தியாவும் அந்நியச் செலாவணி வற்றித் தங்கத்தை வெளிநாட்டு வங்கிகளில் அடகு வைத்தது. ஆயினும் பல பயிர், பல தொழில், பல மாநிலம் என்று பரந்து நிற்கும் நாடு விரைவில் எழுந்துகொள்கிறது. நம் வட்டாரத்தையே பாருங்கள். கமுகு விலை வீழ்ந்தால் மரவள்ளி உண்டு. மரவள்ளி வீழ்ந்தால் மஞ்சள் உண்டு. சேகோ ஆலைகளில் வேலை உண்டு. சேலத்துக்குச் சென்றால் நூல் ஆலையும் உருக்காலையும் உண்டு. நுவரெலியாத் தோட்டத்துத் தொழிலாளிக்குத் தேயிலைக் கொழுந்து ஒன்றே கதி. நாட்கூலி 1,000 ரூபாய் வேண்டுமென்று பல்லாண்டு போராடி 2021இல் அம்மக்கள் அதனைப் பெற்றனர். அடுத்த ஆண்டின் விலையேற்றம் அக்கூலியின் மதிப்பைக் கரைத்துவிட்டது.

நிலத்தைப் பொறுத்தவரை இரு கரையிலும் நிலை ஒன்றே. சென்னை மாகாணத்தில் 1892இல் நம் மக்களுக்கென அறிவிக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது. அங்கோ இருநூறு ஆண்டுகளாக மலையைப் பண்படுத்தியவர்க்கு வீட்டடி மண்ணும் சொந்தமன்று. அண்மைக் காலத்தில்தான் குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலமும் உறுதிப் பத்திரமும் வழங்கும் வீட்டுத் திட்டம் வந்தது. 7 பேர்ச் என்பது நம் கணக்கில் 4 சென்ட்டுக்குச் சற்று மேல். மலையகத்தில் 14,000 வீடுகள் கட்டித்தர இந்திய அரசு உறுதியளித்துள்ளது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. ஊருக்கு விளக்கும் சாலையும், சேரிக்கு இருளும் சேறும் என்றிருந்த காலத்தை நம் மூத்தோர் அறிவர். அங்கு அதனைச் சட்டமே எழுதி வைத்திருந்தது.

பள்ளிக்கூடம்

கல்வியை இறுதியில் வைத்தமைக்குக் காரணம், மேற்கூறிய மூன்றும் இங்கு வந்து கூடுவதே.

1945ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இலங்கையில் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கல்வி அமைச்சர் கன்னங்கரா அதற்கு மூலவர். மழலை வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை. 1980 முதல் பாடநூலும் இலவசம். 1946ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையின் எழுத்தறிவு 57.8 விழுக்காடு; 1951இல் இந்தியாவின் எழுத்தறிவு 18.3 விழுக்காடே. பத்து வயதுக்கு மேற்பட்டோரை எண்ணும் 2012ஆம் ஆண்டு இலங்கைக் கணக்கில் அது 95 விழுக்காட்டைக் கடந்தது. ஏழு வயதுக்கு மேற்பட்டோரை எண்ணும் 2011ஆம் ஆண்டு இந்தியக் கணக்கில் 73 விழுக்காடு. தமிழ்நாட்டில் 80 விழுக்காடு. அளவுகோலில் சிறு வேறுபாடு இருப்பினும் வென்றது எவர் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த 1945ஆம் ஆண்டின் கதவு எல்லார்க்கும் திறக்கவில்லை. தோட்டப் பள்ளிகள் அத்திட்டத்துக்கு வெளியே நின்றன. தோட்டத்துரையின் பொறுப்பில், பெரும்பாலும் ஓராசிரியர், ஒரே கொட்டகை, சில வகுப்புகள் என்ற நிலையில் அவை இருந்தன. கொழுந்து பறிக்கச் சென்ற தாய் திரும்பும் வரை பிள்ளைகளை அடைத்து வைக்கும் இடமாகவே பல இருந்தன. 1960களின் தொடக்கத்தில் பிற பள்ளிகளை அரசு ஏற்றபோதும் இவை விடுபட்டன. தோட்டங்கள் நாட்டுடைமையான 1970களில்தான் அரசு அவற்றை ஏற்கத் தொடங்கியது. ஒரு தலைமுறை முழுதும் தவறவிட்ட வகுப்பறைக்கு இன்றும் அவர்கள் வட்டி கட்டுகின்றனர். இலங்கையின் எழுத்தறிவு வரைபடத்தில் தோட்டப் பகுதியே இன்றும் பின்தங்கி நிற்கிறது.

இக்கரையில் நிலை தலைகீழ். 1950இல் நம் கையில் குடியுரிமை இருந்தது, வாக்கு இருந்தது, இடஒதுக்கீடு இருந்தது. பள்ளி மட்டும் வந்து சேரவில்லை. 1961ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பட்டியல் சாதியினரில் எழுத்தறிந்தோர் 14.66 விழுக்காடே. கல்லூரியில் இடம் ஒதுக்கப்பட்டது. அவ்விடத்தில் அமரப் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இல்லை. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவும், 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், விடுதிகளும், 1944 முதல் நடைமுறையிலிருக்கும் மேல்நிலைக் கல்வி உதவித்தொகையும் படிப்படியாக நிலையை மாற்றின. 2011இல் அந்த 14.66 விழுக்காடு 73.26 ஆக உயர்ந்தது. எனினும் மாநிலத்தின் 80 விழுக்காட்டை நாம் இன்னும் எட்டவில்லை. நம் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்க்கு அக்கணக்கெடுப்பின்போது எழுதப் படிக்கத் தெரியவில்லை.

ஒரே நாற்றங்காலின் நாற்று என்றோமே, அதன் விளைச்சல் இப்போது தெரிகிறது. அண்ணன் சென்ற நாட்டில் நல்ல பள்ளி இருந்தது. அண்ணன் அந்நாட்டின் குடிமகன் அல்லாததால் பள்ளி அவன் வாயிலுக்கு வரவில்லை. தம்பி நின்ற நாட்டில் குடிமகன் என்ற உரிமை இருந்தது; பள்ளி இல்லாததால் அவ்வுரிமை முப்பது ஆண்டுகள் ஏட்டில் உறங்கியது. உரிமையில்லாத நாட்டில் கல்வி கைக்கு எட்டாது; கல்வியில்லாத வீட்டில் உரிமை பயன் தராது. இவ்விரு நாடுகளின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.

நாம் செய்யத்தக்கவை

ஒப்பந்தங்களின்படி தாயகம் திரும்பியோர், பின்னர்ப் பிறந்த குழந்தைகளையும் சேர்த்து, நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்களுக்காக 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. 1969இல் ரெப்கோ வங்கி நிறுவப்பட்டது. எனினும் அவர்களுள் பலர் சாதிச் சான்றிதழுக்காகப் பல்லாண்டு அலைந்தனர். பாட்டனின் ஊர் எது, நிலம் எது, பள்ளிச் சான்று எங்கே என்று கேட்கப்பட்டது. கடன் சீட்டுடன் கப்பலேறியவரின் பேரனிடம் வேறு எந்தச் சீட்டு இருக்கும்? அச்சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகை இல்லை, ஒதுக்கீடும் இல்லை. 1948இல் இலங்கையில் ஒரு காகிதம் இல்லாததால் நாட்டை இழந்தவர்கள், இங்கு இன்னொரு காகிதம் இல்லாததால் படிப்பை இழந்தனர்.

ஆகவே நம் சங்கம் பாடம் சொல்லிக்கொடுப்பதோடு நின்றுவிடலாகாது என்று கருதுகிறோம். வரும் ஆண்டுகளுக்கு நான்கு பணிகளை முன்வைக்கிறோம்.

முதலாவதாக, வாழப்பாடி வட்டத்தில் நம் குடியிருப்புகள் ஒவ்வொன்றிலும் பிறக்கும் குழந்தைக்கு உரிய காலத்தில் பிறப்புப் பதிவு நிகழ்ந்ததா என்று பார்த்தல் வேண்டும். ஆறாம் வகுப்பு சேரும் முன்னரே சாதிச் சான்றிதழ் கையில் இருத்தல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த பின்னர் வட்டாட்சியர் அலுவலக வாயிலில் நிற்கும் நிலை நம் பிள்ளைகளுக்கு வரலாகாது.

இரண்டாவதாக, வீட்டுமனைப் பட்டா இல்லாத குடும்பங்களின் பட்டியலைத் தெருவாரியாக நாமே எடுத்தல் வேண்டும். எண்ணப்படாத குறை எவர் கண்ணுக்கும் படாது என்பதை இலங்கையின் நிலை காட்டிற்று.

மூன்றாவதாக, எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இடையே பாக்கு உரிக்கவும் கிழங்கு உரிக்கவும் பள்ளியை விட்டுச் செல்லும் பிள்ளைகளை, சிறப்பாகப் பெண் பிள்ளைகளை, மீட்டுக்கொணர்தல் வேண்டும். அவ்வேலைக்குக் கிடைக்கும் கூலி அன்று மாலை வீட்டுக்கு அரிசியாகிறது என்பதை நாம் அறியாதவர் அல்லர். பெற்றோரைக் குறை கூறிப் பயனில்லை. உதவித்தொகையும் விடுதி இடமும் காலத்தே கிடைக்கச் செய்தால் அவர்களும் மறுக்கமாட்டார்கள்.

நான்காவதாக, 1992ஆம் ஆண்டின் 73ஆம் திருத்தத்தால் ஊராட்சிகளில் நமக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. 2016 முதல் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்பது தமிழ்நாட்டுச் சட்டம். தலைவர் நாற்காலியில் அமரும் நம் பெண் வரவு செலவுப் பதிவேட்டைத் தாமே படித்துக் கையொப்பமிட வேண்டும். பெயருக்கு அவரும் பொறுப்புக்கு வேறொருவரும் என்றிருந்தால், அது வாக்குரிமை இருந்தும் இல்லாத நிலையே ஆகும். அவர்களுக்கென மாலை வகுப்புகள் தொடங்குவோம்.

மாணவச் செல்வங்களே! நிலப்படத்தில் இந்தியாவின் கீழே ஒரு நீர்த்துளி போல இலங்கையைக் காண்பீர்கள். தேர்வுக்காக அதன் தலைநகரையும் விளைபொருளையும் மனனம் செய்வீர்கள். விளைபொருள் தேயிலை என்று எழுதும்போது, அதனை விளைவித்தவர்கள் யாவர், அவர்கள் எந்த ஊரிலிருந்து சென்றனர், அவர்களுக்கு யாது கிடைத்தது என்றும் கேளுங்கள். ஒரு நாட்டின் பெருமையைச் சராசரிக் கணக்கைக் கொண்டு அளவிடாதீர்கள். கடைசி லயனிலும் கடைசித் தெருவிலும் இருக்கும் பிள்ளை எத்தனையாம் வகுப்பு வரை படிக்கிறது என்று பாருங்கள். அக்கணக்கில் இரு நாடுகளும் செய்ய வேண்டியது இன்னும் மிகுதி. நம் வட்டத்துக்குரிய பங்கை நம் சங்கம் ஏற்றுக்கொள்ளும் என்னும் உறுதியோடு இவ்வுரையை நிறைவு செய்கிறோம்.